‘நானும் தேவரடியார்தான்’ என்று ஒரு வயதுவந்தோர் பட நடிகை சொன்னால்

கேள்வி: சனவரி 11

வயதுவந்தோர் படங்களில் நடிக்கும் பெண்கள் சிலர் பேட்டிகளில், “இது எனக்கு வழிபாடு, நான் இக்காலத்துத் தேவதாசி, கோயிலிலேயே இதெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்களே” என்கிறார்கள். நம் மரபில் இதற்கு இடம் உண்டா, இல்லை வெறும் விளம்பரப் பேச்சா? யாரையும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சனவரி 11, இரவு

விளம்பரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது, அப்படியே ஒப்புக்கொள்ளவும் முடியாது. எல்லோரும் ‘தேவதாசி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லுக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது, கூலி இருந்தது, வாரிசு முறை இருந்தது. அங்கிருந்து தொடங்குவோம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, குடியமர்த்தினான். கல்வெட்டு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது: எந்தத் தெருவில் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், பெயருக்கு முன்னால் சிவனைக் குறிக்கும் ‘நக்கன்’. ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்கென்றால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சலிலிருந்து 100 கலம் நெல். எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது: ராஜகேசரி என்ற அளவோடு ஒக்கும் ‘ஆடவல்லான்’ மரக்கால். கலத்துக்கு 12 மரக்கால் என்றால் ஒரு பெண்ணுக்கு 1200 மரக்கால் நெல்.

அதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உறவுக்காரர் அந்தக் காணியை (பங்குரிமையை) பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஒருவரை அமர்த்தலாம். உறவே இல்லையென்றால், அதே பணியில் இருப்பவர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கடைசியில் அந்தப் பணிக்காரர்களிடமே வந்து நிற்கிறது.

இதோடு இன்றைய படத் தொழிலை ஒப்பிடுங்கள். வழக்கமாக ஒரு காட்சிக்கு ஒரு முறைக் கூலி. கையெழுத்துப் போட்ட பிறகு படம் எத்தனை முறை விற்றாலும் நடித்தவருக்குப் பங்கு கிடையாது. மரபைச் சொந்தம் கொண்டாடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசம்தான் என்பேன். பக்தி இருக்கிறதா இல்லையா என்பது பிறகு.

சனவரி 12, காலை

நேற்று ‘வேலை’ என்றேன், என்ன வேலை என்று சொல்லவில்லை. காலத்துக்குக் காலம், கோயிலுக்குக் கோயில் மாறியது. பிற்காலத்தில் நமக்குத் தெளிவாகத் தெரிவது இவ்வளவு: சுவாமி புறப்பாட்டின்போது முன்னால் ஆடுவது, புஷ்பாஞ்சலி, ஊஞ்சல், லாலி, மங்களம் பாடுவது, கும்பாரத்தி காட்டுவது.

கும்பாரத்தி சாதாரணத் தீபாராதனை அல்ல. குடத்தின் வாய்மேல் விளக்கை ஏற்றி, மூர்த்தியின் முன் சுற்றிக் காட்டித் திருஷ்டி கழிப்பது. வீதி உலாவில் எத்தனையோ கண் பட்டிருக்கும், அதை இறக்கும் கை எந்தக் காலத்திலும் விதவை ஆகாத சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. பொட்டுக்கட்டின், அதாவது தெய்வத்தின் பெயரில் தாலி கட்டும் சடங்கின், பொருளும் இதுதான். தாலி கட்டியவன் தெய்வம், அவனுக்குச் சாவில்லை, ஆகவே ‘நித்திய சுமங்கலி’. கல்யாண வீட்டில் தாலிச்சரட்டில் மணி கோக்க அவர்களைத் தேடி அழைத்ததும் இதனால்தான்.

அதனால் ‘புனிதம்’ என்று வந்தால் அது ஆடலிலோ உடலிலோ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த குணம் அல்ல. பொட்டுக் கட்டிய நாளில் ஏற்பது, அன்றாடம் விளக்கெடுத்துக் காப்பது. அந்தக் கடமையில் யாரும் பார்க்காத பகுதியே அதிகம்.

சனவரி 12, மாலை

என் முதல் குறிப்பைப் படித்தால் சோழர் காலத்தில் எல்லாப் பெண்களும் வீடும் நெல்லுமாக நிம்மதியாக இருந்தார்கள் என்று தோன்றிவிடும். அது தவறு. தளிச்சேரிப் பெண்டுகள், தேவரடியார், பதியிலார் என்று பல பெயர்களும் பல நிலைகளும் இருந்தன. கொடை கொடுத்து, விளக்கு வைத்து, தம் பெயரைக் கல்லில் பொறித்த தேவரடியார் ஒரு பக்கம். வறுமையில் கோயிலுக்கு விற்கப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். 1201இல் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் வேளாளர் ஒருவர் தம் இரு பெண்களோடு தம்மைத் திருப்பாம்புரம் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைக் கல்வெட்டே சொல்கிறது. சூலக்குறி பொறிக்கப்பட்ட பெண்களைப் பற்றியும் கல்வெட்டுகள் உண்டு.

‘நாங்கள் அந்த மரபு’ என்கிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடை கொடுத்த கையை மட்டும் எடுத்துக்கொண்டு விற்கப்பட்ட பெண்ணை விட்டுவிட முடியாது.

சனவரி 14

சிற்பங்களைப் பற்றிக் கேட்டவருக்கு. வட இந்தியாவின் கஜுராஹோ கோயில்களைச் சந்தேல மன்னர்கள் பெரும்பாலும் 950க்கும் 1050க்கும் இடையில் கட்டினார்கள். அங்குள்ள சிற்பங்களில் கலவிக் காட்சிகள் சிறு பகுதிதான். கடிதம் எழுதும் பெண், கண்ணுக்கு மையிடும் பெண், காலில் தைத்த முள்ளை எடுக்கும் பெண், யானை, போர் என்று மற்றவையே அதிகம். அவை ஏன் செதுக்கப்பட்டன என்பதற்கு விளக்கம் பல உண்டு. ‘கோயில் பெண்கள் செய்ததைப் பார்த்துச் செதுக்கியது’ என்பதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. பொம்மையைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பெண்களின் வாழ்க்கையை எழுதக்கூடாது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பெரிய கோயிலின் மேல்தளத்துக்குப் போங்கள். நாட்டிய நிலைகளான 108 கரணங்களில் 81தான் செதுக்கி முடித்திருக்கிறார்கள். மீதி 27க்கு ஒதுக்கிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஆடுவது சிவன். கீழே தெருவில் 400 பெண்கள் வாழ, மேலே கல்லில் சிவன் ஆடிக்கொண்டிருக்கிறார். சிற்பத்தை வைத்து மட்டும் பேசினால் அந்த 400 பேரையே நாம் பார்த்திருக்க மாட்டோம்.

சனவரி 15

சிருங்காரம், அதாவது காதல் சுவை, பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். “பதமும் ஜாவளியும் காமம்தானே, அதைத்தான் கேமரா முன்னால் செய்கிறோம்” என்ற வாதத்துக்கு நேராக வருகிறேன். பதமும் ஜாவளியும் அபிநயத்துக்கான காதல் பாட்டுகள். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) கச்சேரியின் வரிசையைத் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஒழுங்குபடுத்தினார்கள்: அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், அப்புறம் பதம், ஜாவளி, தில்லானா. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி காலம். வர்ணம் வரை கால் பேசும். பதத்தில் கால் அடங்கிவிடும். பல நேரம் ஆடுபவர் உட்கார்ந்தே அபிநயம் பிடிப்பார். விளம்ப காலம் (மெதுவான நடை), பெரும்பாலும் மிஸ்ர சாபு தாளம், ஏழு எண்ணிக்கை. வேகம் கொஞ்சம் ஏறினாலும் பதம் கெட்டுப்போகும். பாடுகிறவர் மூச்சுக்காக அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் மேடையில் அடிக்கடி நடக்கும் கோளாறு. அந்தக் காலத்தில் ஆடுகிறவரும் பாடத் தெரிந்தவராக இருந்தார், அல்லது தாயே பின்னால் நின்று பாடினார். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அவர் தாய் ஜயம்மாள் பாடியது போல.

ஒரு வரி எப்படி வளர்கிறது என்று பாருங்கள். நாயகி வாசகசஜ்ஜை, அவனுக்காக அறையை அலங்கரித்துக் காத்திருக்கிறாள். வரியின் பொருள் ‘அவன் இன்னும் வரவில்லை’, அவ்வளவுதான். முதல் முறை பாடும்போது சொல்லுக்குச் சொல் கை: ‘அவன்’ என்பதற்குச் சிகர முத்திரை, ‘வரவில்லை’ என்பதற்கு வாசல் பக்கம் நீளும் கை. இரண்டாம் முறை கையைக் குறைத்துப் பார்வையை மட்டும் வாசலுக்கு அனுப்புவார். மூன்றாம் முறை கடகாமுக முத்திரையில் பூத் தொடுக்கத் தொடங்குவார். காலடிச் சத்தம் கேட்கிறது. கண் முதலில் போகும், பிறகு முகம், அதன் பிறகுதான் தோள். மூன்றும் சேர்ந்து திரும்பினால் அது திடுக்கிடல், காத்திருத்தல் ஆகாது. சத்தம் வேறு யாருடையதோ. கண் திரும்பி வரும்போது கையிலிருந்த நார் நழுவியிருக்கிறது, பூ சரிந்திருக்கிறது. அவள் அதைக் கவனிக்கவில்லை, நாம் கவனிக்கிறோம். நான்காம் முறை அந்தப் பூவையே மறுபடி எடுத்துத் தொடுக்கிறாள், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

ஒரே வரி பத்துப் பதினைந்து தடவை இப்படிப் போகும். சரக்கு இல்லாதவருக்கு நான்காவது தடவையிலேயே தீர்ந்துவிடும். பிறகு அதே கையைப் பெரிதாகக் காட்டுவார், புருவத்தை ஏற்றுவார், உதட்டைக் கடிப்பார். பார்ப்பவரின் கண்ணைத் தேடிப் பிடித்துச் சிரிப்பார். பதம் அந்த இடத்தில் செத்துவிடும். நாயகி நாயகனைப் பார்க்க வேண்டும், சபையைப் பார்க்கக்கூடாது.

கேமராவின் வழி இதற்கு நேர் எதிர். அங்கே நடிகையின் பார்வை லென்ஸுக்கு வர வேண்டும், பார்ப்பவன்தான் நாயகன். பதத்தில் பார்ப்பவர்களுக்கு அந்த இடமே கிடையாது, தோழிக்குப் பக்கத்தில் ஒரு ஓரம்தான். வித்தியாசம் துணியில் இல்லை, இந்த இடத்தில் இருக்கிறது.

சனவரி 15, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் பாலசரஸ்வதி பேசிய உரை. கச்சேரியை ஒரு கோயிலாக வைத்துப் பேசினார்: அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் மண்டபம், வர்ணத்தில் சந்நிதியின் எல்லைக்குள் நுழைகிறோம், பதம் கருவறையின் குளிர்ச்சியும் அமைதியும், தில்லானா கர்ப்பூரம் ஏற்றுவது.

கருவறைக்கு அவர் எதை வைத்தார் என்று கவனியுங்கள். சிருங்காரம் நிறைந்த பதத்தை. அதைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று சொன்னவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. காமத்தை எடுத்துவிட்டால் பக்தி மிஞ்சும் என்று அவர் நம்பவில்லை.

சனவரி 16

சிறு குறிப்பு. மேடையில் நடராசர் சிலை வைத்துப் பூப்போடும் வழக்கம் 1930களுக்குப் பிறகு அரங்குக்கு வந்தது, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியோடு பரவியது. படப்பிடிப்புத் தளத்தில் தெய்வச் சிலை வைத்துவிட்டு ‘பண்டைய மரபு’ என்கிறவர்கள் எடுத்துக்கொள்வது இந்த மரபைத்தான். அதற்கு வயது நூறுகூட ஆகவில்லை.

சனவரி 18

15ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். ‘மறைத்துச் சொல்வதே மரபு’ என்று ஒரு தொனி வந்துவிட்டது. அது பாதி உண்மைதான், திருத்திக்கொள்கிறேன்.

முத்துப்பழனி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த கணிகை, கவி. தெலுங்கில் அவர் எழுதிய ராதிகா சாந்த்வனம் எதையும் மறைக்கவில்லை. ராதையே முன்னின்று இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்துக் கொடுத்து, முதலிரவுக்கு அவளைத் தயார் செய்து, பிறகு பொறாமையில் வேகிறாள். காமத்தைப் பெண்ணின் பக்கமிருந்து, பெண்ணின் விருப்பமாக, சொல்லால் முழுக்கச் சொல்கிறார் முத்துப்பழனி.

அதை 1910இல் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரும் அந்த மரபில் வந்தவர். முன்பு அச்சான பதிப்பில் பாட்டுகளை வெட்டியிருந்தார்கள். ஓலைச்சுவடியைத் தேடி ஒப்பிட்டு முழுதாக அச்சிட்டார். ஆண் கவிகள் இதைவிட அதிகமாக எழுதியபோது வராத கூச்சம் ஒரு பெண் எழுதினால் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டார். அரசு ஆபாசம் என்று தடை போட்டது. தங்குடூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதுதான் தடை நீங்கியது. அதே நாகரத்தினம்மாள்தான் தம் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கே பெண்கள் பாட இடமில்லை என்றபோது பெண்களைக் கூட்டிவந்து பாட வைத்தார். 1952இல் அவர் மறைந்த பிறகு அவருடைய சமாதியும் அங்கேயே, தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி அமைந்தது.

ஆன்மிகமும் சிருங்காரமும் ஒரே வாழ்க்கையில் எப்படி நின்றன என்று கேட்கும் எந்த நடிகைக்கும் நான் காட்டுவது இவரைத்தான். ஆபாசம் என்ற முத்திரையை அவர் சுவடியோடும் அச்சோடும் எதிர்கொண்டார்.

ஆகத் திருத்தம் இது: மரபில் சொல்லால் எல்லாமும் சொன்னார்கள். சபையில் உடலால் எல்லாமும் காட்டவில்லை.

சனவரி 19

“தேவதாசி முறையை ஒழித்தது கலையைப் பிடுங்குவதற்காகவா, பெண்களைக் காப்பதற்காகவா?” இரண்டும் நடந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசிகள் வந்த இசை வேளாளர் குடும்பத்தவர். சட்டமன்றத்தில் முத்துலட்சுமி முதலில் கொண்டுவந்தது 1929இன் அறநிலையச் சட்டத் திருத்தம். கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டை அது அவிழ்த்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் போகாது என்று ஆக்கியது. இதை யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் அவர் செய்ததிலேயே கூர்மையான காரியம். 1930இல் பொட்டுக்கட்டைத் தடுக்கும் மசோதா. சட்டமானது 1947இல்.

1947 சட்டத்தில் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொட்டுக் கட்டியவர் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்றும் சொன்னது. இன்னொரு பிரிவையும் படியுங்கள். மேளத்திலோ ஆட்டத்திலோ பாட்டிலோ பங்கெடுத்தாலே ஒரு பெண் விபசார வாழ்க்கையை ஏற்றவளாகிவிடுகிறாள், திருமணத்துக்குத் தகுதி இழக்கிறாள் என்று சில சமூகங்களில் இருந்த வழக்கத்தை அது செல்லாது என்றது. ஆடினாலே அந்தப் பட்டம் என்று இருந்ததைச் சட்டம் எழுதி அறுக்க வேண்டியிருந்தது.

மறுபக்கம், அதே 1930களில் ‘சதிர்’ என்ற பெயர் போய் ‘பரதநாட்டியம்’ வந்தது. வேறு வீட்டுப் பெண்கள் மேடை ஏறினார்கள். சாமானிய நாயகி, அதாவது கணிகையே பேசும், தெலுங்குக் கவி க்ஷேத்ரக்ஞரின் பதங்கள், பாடத்திட்டத்திலிருந்து மெல்லக் கழன்றன. தேவதாசி வீட்டுப் பெண்களில் பலர் ஆட்டத்தை விட்டுச் சினிமாவுக்கும் நாடகத்துக்கும் போனார்கள். இன்னும் பலர் மகளுக்குச் சொல்லித்தராமலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை இதில் விட்டுவிடாதீர்கள். அந்த முறைக்குள் இருந்து வந்து அதை முழுமூச்சாக எதிர்த்தவர். ‘புனிதம்’ என்ற சொல்லை அவரிடம் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை நடிகைகள் யோசிக்க வேண்டும்.

சனவரி 20

தமிழ்நாட்டுத் தேவரடியாரையும் கர்நாடகத்தில் சவதத்தி எல்லம்மா என்ற தெய்வத்துக்கு விடப்படும் பெண்களையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் தலித் குடும்பத்துச் சிறுமிகள். கர்நாடகம் 1982இல் தனிச் சட்டம் போட்டும் மறைவில் தொடர்ந்தது. மானியமும் இல்லை, மேடையும் இல்லை. ‘இக்காலத்துத் தேவதாசி’ என்று ஒருவர் பெருமையாகச் சொல்லும் சொல், அங்கே ஒரு பெண் தப்பி வர நினைக்கும் சொல்.

சனவரி 23

மாதவியைப் பற்றிக் கேட்டவருக்கு நன்றி, இதிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கிட்டத்தட்டத் தொழில்நுட்பக் கையேடு. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுப் பயிற்சி, பன்னிரண்டில் அரங்கேற்றம். அரங்கை அளக்கும் கோல் 24 விரல். அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், மேடை உயரம் ஒரு கோல், மேடைப் பலகைக்கும் மேல் உத்தரத்துக்கும் இடைவெளி நான்கு கோல், வாயில் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரை. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்கிறார் இளங்கோ. இன்று விளக்கு அமைப்பவர் படும் பாடும் அதே பாடு.

தலைக்கோல் என்பது பகை மன்னனிடமிருந்து கொண்ட வெண்குடையின் காம்பு. கணுக்களில் மணி பதித்து, பொன் தகடு போர்த்தி, இந்திரன் மகன் சயந்தனாக நினைத்து வணங்குவது. அரங்கேற்ற நாளில் பொற்குடத்து நீரால் ஆட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுத்து, தேரை வலம்வரச் செய்து அரங்குக்குக் கொண்டுவருவார்கள். சடங்கு முழுக்க தெய்வீகம். ஆடி முடித்ததும் மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும்.

அடுத்தது என்ன? கூனி ஒருத்தி மாதவியின் மாலையை எடுத்துக்கொண்டு நகர நம்பியர் திரியும் தெருவில் நிற்கிறாள். 1008 கழஞ்சு கொடுத்து மாலையை வாங்குபவனுக்கு மாதவி. கோவலன் வாங்குகிறான். பட்டத்தையும் விலையையும் இளங்கோ ஒரே காதையில், ஒரே எண்ணில் வைத்திருக்கிறார். அந்த வாழ்க்கையே வேண்டாம் என்று மாதவியும் மகள் மணிமேகலையும் துறவுக்குப் போகிறார்கள். பாட்டி சித்திராபதி கொதித்துப் போகிறாள். மரபுக்குள்ளேயே இந்தச் சண்டை இருந்தது, வெளியிலிருந்து வந்து யாரும் மூட்டவில்லை.

சனவரி 24

தாந்திரிகம் பற்றி ஒரு வரி. அதன் ஒரு பிரிவான கௌல முறையில் மைதுனம் (உடலுறவு) சடங்காக உண்டு. ஆனால் தீட்சை பெற்றவருக்கு மட்டும், குரு சொன்ன வேளையில், வெளியே சொல்லாமல். ரகசியம் அந்தச் சடங்கின் உறுப்பு. கேமரா வைத்தால் அந்த உறுப்பே போய்விடுகிறது. அமெரிக்காவில் ஆனி ஸ்பிரிங்கிள், வயதுவந்தோர் படத்திலிருந்து மேடைக் கலைக்கு வந்தவர், ‘பண்டைய புனித விலைமாது’ என்ற பெயரில் மேடையில் ஒரு சடங்கே நிகழ்த்தினார். அதை இக்காலத்துக் கலை என்று மதிக்கலாம். பண்டைக்காலத்துக்கு ஆதாரமாகக் காட்டக்கூடாது. பாபிலோன் கோயிலில் பெண்கள் அந்நியரோடு கூடினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதையே இன்று ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை.

சனவரி 26

“சரி, ஒரு நடிகைக்கு உண்மையாகவே இந்த மரபின்மேல் பற்று இருந்தால் என்ன செய்வது?” நல்ல கேள்வி, நடைமுறையாகவே சொல்கிறேன். இந்தியாவில் இத்தகைய படத்தை இணையத்தில் வெளியிடுவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் குற்றம். முதல் முறைக்கு ஐந்தாண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே இது சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வேலை செய்பவர்களுக்கு.

முதலில் ஒப்பந்தம். இந்திய வம்சாவளிப் பெண் என்றால் புடவை, பொட்டு, ஊதுவத்தி, பின்னால் ஒரு சிலை என்று தளத்தை அலங்கரிக்கிறார்கள். தளத்தில் மறுத்தாலும் பிரச்சினை அங்கே முடிவதில்லை. தலைப்பும் தேடுசொற்களும் பிறகு விநியோகிப்பவர் போடுவது. காட்சியை வெட்டித் தொகுப்பில் சேர்க்கும்போது புதுத் தலைப்பு வரும், ‘கோயில்’ வரும், சாதிப் பெயர் வரும். எனவே கையெழுத்துக்கு முன்பே இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும்: தெய்வ உருவம், தாலி, பொட்டுக்கட்டு போன்ற சடங்குப் பொருள் எதுவும் காட்சியில் வராது. தலைப்பு, விளக்கம், தேடுசொல் ஆகியவற்றில் மதம், சாதி, ‘தேவதாசி’ என்ற சொல் வராது, மறுவெளியீட்டுக்கும் உரிமை மாற்றி விற்பதற்கும் இது பொருந்தும். கடைசி வரி இல்லையென்றால் முதல் விற்பனையோடு பாதுகாப்பு போய்விடும். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

அடுத்து பங்கு. முன்கூலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது வருமானத்தில் பங்கு கேட்பது, அல்லது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை திரும்ப வர வேண்டும் என்று கேட்பது. பெரிய நிறுவனங்கள் லேசில் ஒப்புக்கொள்ளாது. சொந்தமாக வெளியிடுபவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 100 கலம் நெல்லின் வாடை கொஞ்சமாவது அங்கேதான் வீசுகிறது.

மூன்றாவது கற்பது. பதம் கற்க வேண்டுமென்றால் கையை விட்டுவிட்டுப் பாட்டில் தொடங்குங்கள். மிஸ்ர சாபுவைத் தொடையில் தட்டி, ஒரே ஒரு பதத்தை, வரி மாறாமல் பாடிப் பழகுங்கள். பல க்ஷேத்ரக்ஞர் பதங்களை அனுபல்லவியிலிருந்து எடுப்பது வழக்கம், அந்த வழக்கத்தோடேயே கற்றுக்கொள்ளுங்கள். பாட்டு உடம்பில் ஊறாமல் முகம் பிடித்தால் 15ஆம் தேதி சொன்ன கோளாறு அத்தனையும் வரும்.

சனவரி 27

“இப்படிப்பட்டவர்களுக்கு மரபைச் சொல்லித்தரலாமா” என்று கேட்டவருக்கு: தாராளமாகச் சொல்லித்தரலாம். சதிர் ஆடியவர்களை வீட்டுக்குள் விடமாட்டோம் என்று சொன்ன அதே வாய்கள்தான் பிறகு அவர்களுடைய அடவுகளைக் கற்றுக்கொண்டன. தொழிலைக் காட்டிக் கதவைச் சாத்துவது நமக்கு ஒருமுறை போதும்.

பிப்ரவரி 2

கடைசியாக வந்த கேள்வி, அவர்கள் தங்களைத் தேவரடியார் என்று அழைத்துக்கொள்ளலாமா என்பது.

அந்தச் சொல் தமிழில் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். தேவரின் அடியார் என்ற சொல்லைச் சுருக்கி, திரித்து, தெருச் சண்டையில் எறியும் வசையாக்கிவிட்டோம். படத்தில் நடிக்கும் பெண்ணுக்குக் கீழே கருத்துப் போடுகிறவன் எழுதுவதும் அதே வசைதான். அந்த அளவில் இரு சாராரும் ஒரே கல்லடி பட்டவர்கள். ஒரு நடிகை அந்த வலியால் அந்தச் சொல்லைத் தேடி வந்தால் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தச் சொல்லின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டியின் பெயரைப் பள்ளியில் சொல்லக் கூசி வளர்ந்த இசை வேளாளர் குடும்பங்கள். நாகஸ்வரம் வாசிப்பவர்களும் பாடகர்களும் மருத்துவர்களும் அதில் உண்டு. கேமரா முன்னால் யாரோ ஒருவர் ‘நான் தேவதாசி’ என்று சொல்லும்போது அடுத்த நாள் அவர்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்துத்தான் நாலு பேர் சிரிப்பார்கள். நாகரத்தினம்மாளின் பெயரைச் சொல்லலாம், முத்துப்பழனியைப் படிக்கலாம், பதம் கற்கலாம், யாரும் தடுக்க முடியாது. அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்வதற்கு முன் அந்த வீட்டாரைக் கேட்க வேண்டும். கல்வெட்டு சொன்ன முறையும் அதுதான்: காணி உள்ளவர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிப்ரவரி 2, சற்றுப் பின்

மேலே ‘கல்வெட்டு சொன்ன முறை’ என்றதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்ற பணிக்காரர்கள் தேர்ந்தெடுப்பது உறவுக்காரர் யாரும் இல்லாதபோது மட்டும். உறவு இருந்தால் அவருக்கே முதல் உரிமை. இந்த இடத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.